பிரேக் பேட் இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? கார் சொல்லும் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

‘முன் பிரேக் – 18,000 கி.மீ.’

சில கார்களின் சர்வீஸ் மெனுவைத் திறந்தால் இப்படி ஒரு வரி இருக்கும். வேறு சில கார்களில் இதே தகவல் ‘பேட் 60%’ என்று சதவீதமாக வரும். எண்ணாகப் பார்த்ததும் நமக்கு ஒரு நிம்மதி. சக்கரத்துக்குள் ஏதோ ஒரு கருவி பேடின் தடிமனை அளந்து சொல்கிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம்.

உண்மையில், இந்த எண் வருகிற பெரும்பாலான கார்களில் பேடை யாரும் தொடர்ந்து அளப்பதில்லை. நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள், எத்தனை முறை பிரேக் மிதித்தீர்கள், எந்த வேகத்தில் மிதித்தீர்கள் என்பதை வைத்து ஒரு மென்பொருள் போடும் கணக்கு அது. பெட்ரோல் மீட்டரைவிட வானிலை அறிக்கைக்கு அருகில் இருக்கும் விஷயம்.

வானிலை அறிக்கையை நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம்தான். ஆனால் ஜூலை மாதம் கிங்ஸ் சர்க்கிள் வழியாக ஆபீஸ் போகிறவர் ‘இன்று லேசான மழை’ என்பதைப் படித்துவிட்டுக் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகமாட்டார். பிரேக் எண்ணையும் அந்த மனநிலையில்தான் படிக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

பேட் எப்படித் தேய்கிறது?

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். டிஸ்க்கின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு பேடுகள் அதை இறுக்கிப் பிடிக்கும். காரின் வேகம் வெப்பமாக மாறும். ஒவ்வொரு பிடிக்கும் பேடிலிருந்து கொஞ்சம் தூளாக உதிரும். அலாய் வீலில் படிகிற அந்தக் கறுப்புத் தூள் பெரும்பாலும் இதுதான்.

பல கார்களில் புதிய முன் பேடின் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ. வந்துவிட்டால் மெக்கானிக் ‘மாத்திடுங்க’ என்பார். 2 மி.மீ.க்குக் கீழே ஓட்டுவது ஆபத்து. ஆக, நாம் செலவழிக்கக்கூடியது மொத்தம் 8 மி.மீ.தான்.

இந்த 8 மி.மீ. எவ்வளவு தூரம் வரும் என்பதை ஓடோமீட்டர் மட்டும் சொல்லிவிடாது. காரணம், தேய்மானம் கிலோமீட்டரைவிட, பிரேக் உறிஞ்சும் ஆற்றலோடுதான் நெருக்கமாகப் போகிறது. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு காரை முழுவதுமாக நிறுத்த எவ்வளவு ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும்? பள்ளிக்கூட இயற்பியல்தான்:

- 20 கி.மீ. வேகத்திலிருந்து: சுமார் 23 கிலோஜூல்
- 50 கி.மீ. வேகத்திலிருந்து: சுமார் 145 கிலோஜூல்
- 100 கி.மீ. வேகத்திலிருந்து: சுமார் 579 கிலோஜூல்

வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. 100 கி.மீ. வேகத்தில் ஒரு தடவை நிறுத்துவதும், 20 கி.மீ. வேகத்தில் 25 தடவை நிறுத்துவதும் கிட்டத்தட்ட ஒரே செலவு. இதோடு வெப்பநிலையையும் சேர்க்க வேண்டும். பேட் சூடாக இருக்கும்போது அதே ஆற்றலுக்கு அதிகம் தேயும்.

காருக்கு இது எப்படித் தெரிகிறது?

விலை குறைந்த வழியிலிருந்து தொடங்கலாம். மொத்தம் ஐந்து வழிகள்.

1. கீச்சிடும் தகடு. பேடின் ஓரத்தில் ஒரு சின்ன இரும்புத் தகடு. பேட் தேய்ந்து எல்லைக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசி கீச்சென்று கத்தும். மின்சாரமும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு போகிறவருக்கு மட்டும் காதில் விழாது.

2. பிரேக் ஆயில் அளவு. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். டப்பாவில் அளவு குறையும். ஒரு கட்டத்தில் சிவப்பு விளக்கு எரியும். அதாவது ஆயில் குறைந்திருக்கிறது என்றால் கசிவு இருக்கலாம், அல்லது பேட் தேய்ந்திருக்கலாம். காரணம் பார்க்காமல் சும்மா ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டால், பேட் பற்றிய ஒரு எச்சரிக்கையை நாமே அழித்துவிட்டோம் என்று அர்த்தம்.

3. பேடுக்குள் வயர். பேடுக்குள் குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு வயர் வளையம் புதைந்திருக்கும். தேய்மானம் அந்த ஆழத்தைத் தொட்டதும் வயர் அறுந்து, டேஷ்போர்டில் விளக்கு எரியும். இதற்குத் தெரிந்தது ‘ஆம், இல்லை’ இரண்டே பதில்கள். பாதி தேய்ந்ததா, முக்கால்வாசி தேய்ந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

4. பார்க்கிங் பிரேக் மோட்டார். கை பிரேக்குக்குப் பதில் பட்டன் இருக்கிற கார்களில், பின் பிரேக்கை ஒரு மின்மோட்டார் இறுக்குகிறது. எவ்வளவு சுற்றிய பிறகு இறுக்கம் கிடைக்கிறது என்பதைக் கவனித்தால், பின் பேட் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை ஊகிக்கலாம்.

5. மென்பொருள் கணக்கு. டேஷ்போர்டில் கிலோமீட்டரோ சதவீதமோ வருவது இதனால்தான். ஏபிஎஸ்ஸுக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் சென்சார் வேகத்தைச் சொல்லும். சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்சி அமைப்பு பிரேக் அழுத்தத்தைச் சொல்லும். பிரேக் எவ்வளவு நேரம் பிடித்தது, வெளியே எவ்வளவு சூடு, இஞ்சின் எவ்வளவு இழுத்துப் பிடித்தது என்பதெல்லாம் சேரும். இவற்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் வெளியான வெப்பத்தையும், டிஸ்க்கின் சூட்டையும் கணக்கிட்டு, ‘இவ்வளவு மைக்ரான் தேய்ந்திருக்கும்’ என்று கழித்துக்கொண்டே வரும்.

நல்ல அமைப்புகள் மூன்றாவதையும் ஐந்தாவதையும் இணைக்கின்றன. செங்கல்பட்டு அருகே 2007 முதல் ஆலை நடத்தும் பிஎம்டபிள்யூவின் கார்களில் இரண்டு நிலை சென்சார் பல ஆண்டுகளாக இருக்கிறது. மென்பொருள் தன் போக்கில் கழித்துக்கொண்டு வரும். பேட் முதல் குறியீட்டு ஆழத்தைத் தொட்டதும், ‘நீ நினைத்த இடம் வேறு, உண்மையான இடம் இது’ என்று சென்சார் திருத்தும். அதிலிருந்து கணக்கு மறுபடி ஓடும். ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் 2019 மாடல் சில்வராடோவில் பேட் ஆயுளைக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2017 முடிவில், அந்த நிறுவனம் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியிருந்தது.

நம் ஊரில் அதிகம் விற்கும் ஹேட்ச்பேக், காம்பாக்ட் எஸ்யூவிகளில் இந்த ஐந்தாவது வசதி பொதுவாக இல்லை. பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான் இருக்கும் கார்களும் நிறைய. இத்தனைக்கும் கணக்குக்கு வேண்டிய தரவு பாதி ஏற்கெனவே காருக்குள் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் புதிய கார்களுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அதாவது சக்கர வேக சென்சார்கள் இருக்கின்றன. அந்தத் தரவை எடுத்து பேட் ஆயுளாக மாற்றி உங்களுக்குக் காட்டுவது மட்டும் நடக்கவில்லை.

கணக்கு எவ்வளவு ஆடும்?

ஒரு எளிய உதாரணம். உங்கள் கார் 24,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 10 மி.மீ. பேட் இப்போது 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 4 மி.மீ. தேய 24,000 கி.மீ. ஆகியிருக்கிறது, மில்லிமீட்டருக்கு 6,000 கி.மீ. எல்லை 2 மி.மீ. என்றால், மீதி 4 மி.மீ.க்கு இன்னொரு 24,000 கி.மீ. வரும். சரியான கணக்கு.

இப்போது, அந்த ‘6 மி.மீ.’ அரை மில்லிமீட்டர் தவறு என்று வையுங்கள்.

- உண்மையில் 6.5 மி.மீ. என்றால், மீதி சுமார் 30,900 கி.மீ.
- உண்மையில் 5.5 மி.மீ. என்றால், மீதி சுமார் 18,700 கி.மீ.

அரை மில்லிமீட்டர் என்பது ஒரு கிரெடிட் கார்டின் தடிமனைவிடக் குறைவு. அந்த அளவு பிழைக்கே விடை 12,000 கி.மீ. ஆடுகிறது. மும்பையில் தினமும் 30 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அது ஒரு வருடத்துக்கும் மேல். மென்பொருள் அளக்கவே இல்லை, ஊகிக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்தால், திரையில் தெரிகிற அந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு அகலமான ஒரு ‘இருக்கலாம்’ ஒளிந்திருக்கிறது என்பது புரியும்.

இதைக் கார் நிறுவனங்களும் அறியும். அதனால் இத்தகைய கணக்குகள் முன்னெச்சரிக்கையின் பக்கம் சாய்ந்திருப்பது இயல்பு. சிக்கல் வருவது, கணக்கின் அடிப்படை ஊகங்களே மாறும்போது. அப்படி மாறக்கூடிய மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, பேடின் கலவை. பேட் என்பது இழை, பிசின், உலோகத் தூள், கிராஃபைட் என்று பல பொருட்களின் கலவை. நம் தமிழ்நாடே இந்தத் தொழிலின் மையங்களில் ஒன்று. சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரின் ரானே என்று பெயர்கள் நீளும். ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு விதமாகத் தேயும். காரின் மென்பொருளுக்குத் தெரிந்தது, கம்பெனியில் பொருத்தி அனுப்பிய ஒரே கலவை. நீங்கள் குர்லா சிஎஸ்டி ரோட்டில் பாதி விலைக்கு வாங்கிய, பெட்டியில் பெயர் மட்டும் தெளிவாக இருக்கிற பேடை மாட்டினால், மென்பொருள் பழைய சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு புதுக் குழம்புக்கு உப்பு சொல்லும்.

இரண்டாவது, எல்லாப் பேடும் ஒரே மாதிரி தேயும் என்ற ஊகம். சென்சார் இருக்கும் பல மாடல்களில் முன்னால் ஒரு சக்கரத்தில், பின்னால் ஒரு சக்கரத்தில் மட்டுமே அது இருக்கும். காலிப்பர் இப்படி அப்படி நகர உதவும் பின்கள் துருப்பிடித்து இறுகிவிட்டால், ஒரே சக்கரத்தில் உள்பக்கப் பேட் மட்டும் வேகமாகக் கரையும். வெளிப்பக்கம் பார்த்தால் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று தோன்றும். கடல் காற்றும் நான்கு மாத மழையும், சயானிலும் காந்தி மார்க்கெட்டிலும் முட்டியளவு தேங்கும் தண்ணீரும் உள்ள ஊரில் பின்கள் இறுகுவது சாதாரணம். சென்சார் இல்லாத சக்கரத்தில் இது நடந்தால் டேஷ்போர்டுக்குச் செய்தியே போகாது.

மூன்றாவது, ரீசெட். பேடை மாற்றியதும் கணக்கை மறுபடி 100 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மாற்றிவிட்டு ரீசெட் செய்ய மறந்தால் கார் வீணாகப் பயமுறுத்தும். அது பரவாயில்லை. சில கார்களில் பேடை மாற்றாமலே மெனுவில் ரீசெட் மட்டும் செய்துவிட முடியும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது டேஷ்போர்டு ‘100%’ காட்டினால், அதன் பொருள் ‘யாரோ ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கிறார்’ என்பது மட்டும்தான்.

தாராவி கிலோமீட்டரும் செம்பூர் கிலோமீட்டரும் ஒன்றா?

இரண்டு பயணங்களை ஒப்பிடலாம். பிரேக் எண்ணிக்கை நாம் வைத்துக்கொள்ளும் அனுமானம்தான். உங்கள் தினசரி அனுபவத்தோடு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

செம்பூரிலிருந்து ஃபோர்ட் பக்கம் வேலைக்குப் போகிறவர் பாஞ்சராபோளில் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறுகிறார். 2013-இல் திறந்த இந்த 16.8 கி.மீ. சாலையில் சிக்னல் தொல்லை இல்லை. வழியில் 80 கி.மீ. வேகத்திலிருந்து மூன்று முறை முழுதாக பிரேக் பிடித்தால், 1.1 மெகாஜூல் செலவு.

இன்னொருவர் தாராவி 90 அடி சாலையிலிருந்து சயான் வழியாக மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் வருகிறார். 4 கி.மீ. என்று வைப்போம். 2024 ஆகஸ்ட் 1 முதல் சயான் ரயில் மேம்பாலம் இடித்துக் கட்டுவதற்காக மூடப்பட்ட பிறகு இந்தப் பக்கத்து நெரிசல் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. 20 கி.மீ. வேகத்திலிருந்து 40 முறை பிரேக். மொத்தம் 0.93 மெகாஜூல்.

மொத்தத்தில் இரண்டும் ஏறத்தாழ சமம்தான். ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு என்று வகுத்தால், தாராவிக்காரரின் பேட் மூன்றரை மடங்கு உழைக்கிறது. ‘பேட் 40,000 கி.மீ. வரும்’ என்று யாராவது பொதுவாகச் சொன்னால், ‘எந்த ரோட்டில்?’ என்று திருப்பிக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

மென்பொருள் கணக்கு உதவுவதும் இந்த இடத்தில்தான். ஓடோமீட்டரைப் பார்த்து ‘எல்லோருக்கும் 40,000’ என்று சொல்வதைவிட, உங்கள் கால் பழக்கத்தையும் உங்கள் சாலையையும் பார்த்துச் சொல்வது எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் கடந்த காலத்தை நீட்டித்துத்தான் எதிர்காலத்தைச் சொல்கிறது. செம்பூரில் குடியிருந்தவர் தாராவிக்கு மாறினால், மீதி கிலோமீட்டர் சட்டென்று சரிவதைப் பார்க்கலாம். கார் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அது புதிய வாழ்க்கையைக் கற்றுக்கொள்கிறது.

பேட் இருந்தும் பிரேக் பிடிக்காமல் போகுமா?

போகும். இந்தக் கட்டுரையில் ஒரு விஷயம் மட்டும் நினைவில் நிற்க வேண்டும் என்றால் அது இதுதான். பேட் மீதி என்பதும் பிரேக் பிடிக்கும் என்பதும் ஒன்று இல்லை.

மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் லோனாவாலாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும்போது 500 மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. 500 மீட்டர் என்றே கணக்கிட்டாலும், நம் 1,500 கிலோ காருக்கு அது 7.35 மெகாஜூல். முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டி வந்தால், 100 கி.மீ. வேகத்திலிருந்து கிட்டத்தட்ட 13 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். 40 டன் லாரிக்கு இது 196 மெகாஜூல். அதனால்தான் இறக்கத்தில் கீழ் கியரில் போட்டு இஞ்சினை இழுக்க விடச் சொல்கிறார்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்க நினைத்தால், அத்தனை வெப்பமும் பேடுக்கும் டிஸ்க்குக்கும்தான் போகும்.

அதிக வெப்பத்தில் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, பேடின் பிடிப்பே குறையும். மற்றொன்று, பிரேக் ஆயில் கொதிக்கும். ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பரவலாகப் பயன்படும் டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரி. கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ். குமிழை அழுத்தினால் அது சுருங்கும், அழுத்தம் காலிப்பருக்குப் போகாது. பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போய்விடும். பேட் 80% என்று டேஷ்போர்டு அப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும்.

2025 ஜூலை 26 அன்று கோபோலி அருகே இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த கண்டெய்னர் லாரி ஏறத்தாழ 20 வாகனங்களை மோதியது. ஒருவர் உயிரிழந்தார். பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. ‘பிரேக் ஃபெயிலியர்’ என்ற இந்த ஒரே சொல்லுக்குள் தேய்ந்த பேட், கொதித்த ஆயில், காற்றழுத்தக் கசிவு, அதிக சுமை என்று எத்தனையோ காரணங்கள் அடங்கும்.

சில சமயம் பிரேக்கே காரணமாக இருக்காது. 2024 டிசம்பர் 9 இரவு, செம்பூரிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் குர்லா மேற்கில் பெஸ்ட் மின்சாரப் பேருந்து கூட்டத்துக்குள் புகுந்தது. ஏழுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதலில் பரவியது ‘பிரேக் ஃபெயிலியர்’ என்ற தகவல்தான். பேருந்தைப் பரிசோதித்த அதிகாரிகள் பிரேக்கில் கோளாறு காணவில்லை என்று அடுத்தடுத்த நாட்களில் செய்திகள் வந்தன. ஆட்டோமேட்டிக் மின்சாரப் பேருந்தை ஓட்ட ஓட்டுநருக்குக் கிடைத்த பயிற்சி போதுமானதா என்ற கேள்வி பெரிதானது. பிரேக் பற்றிய ஒரு எண்ணோ ஒரு சொல்லோ கையில் கிடைத்ததும் விசாரணையை முடித்துக்கொள்வது எவ்வளவு தப்பு என்பதற்கு இது உதாரணம்.

மின்சார கார் என்றால் கவலை இல்லையா?

மின்சார கார்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்து, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பேட் மெதுவாகவே தேயும். ஓடோமீட்டரை வைத்துப் போடும் கணக்கு இங்கே முழுவதும் பொய்த்துவிடும்.

ஆனால் வேலை இல்லாத பேடுக்கும் டிஸ்க்குக்கும் வேறு நோய் வரும்: துரு. கடலோர ஈரத்தில் டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பர் பின்கள் இறுகும். பேட் தடிமனாகவே இருக்கும். அவசரத்துக்கு மிதிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுக்கும். இன்னொன்று, பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகியிருக்கும்போது மோட்டார் வழி பிரேக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் முழுச் சுமையும் பேடுக்குத்தான். எனவே மின்சார கார் வைத்திருப்பவர்கள் கிலோமீட்டரைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்து பிரேக்கை சர்வீஸ் செய்வது நல்லது.

பேட் தேய்மானத்தை ஐரோப்பா இப்போது மாசாகவும் பார்க்கிறது. 2026 நவம்பர் முதல் புதிய வகைக் கார்களுக்கு நடைமுறைக்கு வரும் யூரோ 7 விதிகள், பிரேக்கிலிருந்து வெளிவரும் நுண்துகளுக்கு முதல்முறையாக வரம்பு வைக்கின்றன. பெரும்பாலான கார்களுக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். பேட்டரி கார்களுக்கு 3 மில்லிகிராம். இந்தியாவின் பிஎஸ் 6 விதிகள் சைலன்சரோடு நின்றுவிடுகின்றன.

சரி, யார்தான் சோதிக்கிறார்கள்?

கொஞ்சம் அதிர்ச்சியான இடம் இது. நீங்கள் வாங்கிய தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அந்தக் காரை அரசு ஒரு தடவைகூட பிரேக் சோதனைக்குக் கூப்பிடாது. வருடா வருடம் பியூசி சான்றிதழ் வாங்குகிறோம். அது புகையை மட்டும் பார்க்கிறது. புகை அதிகமானால் சான்றிதழ் கிடைக்காது. பேட் இரும்போடு இரும்பு உரசினாலும் கிடைக்கும்.

டாக்ஸி, ஆப் கேப், லாரி போன்ற வாகனங்களுக்கு ஃபிட்னஸ் சான்றிதழ் கட்டாயம்: எட்டு ஆண்டுகள் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். இருந்தும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தினமும் 150 கி.மீ., மாதம் 25 நாள் ஓடும் கேப் இரண்டு வருடத்தில் 90,000 கி.மீ. ஓடிவிடும். ஒரு சான்றிதழுக்கும் அடுத்த சான்றிதழுக்கும் நடுவில் முன் பேட் இரண்டு முறையாவது மாற்ற வேண்டிய தூரம் அது. நடுவில் அந்த பேடின் நிலை தெரிந்தவர் ஓட்டுநர் ஒருவர்தான். அதை மாற்றும் செலவும், பெரும்பாலும், அவர் தலையில்தான்.

ஆகவே கார் தானாகச் சொல்லும் கணக்கு ஆடம்பர வசதியாகத் தெரிந்தாலும், சோதனையே இல்லாத இந்த 15 வருட இடைவெளியில் அதற்கு ஒரு பொதுப் பயன் இருக்கிறது. விலை உயர்ந்த கார்களில் மட்டும் அது இருப்பதுதான் முரண். அதிக கிலோமீட்டர் ஓடுவது ஆப் கேப்கள். பேட் எண்ணைப் பார்க்கும் வாய்ப்பு இல்லாததும் அவற்றுக்குத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- எண் வந்தால், ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். அடுத்த சர்வீஸில் நான்கு சக்கரத்தின் பேட் தடிமனையும், உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும், மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘பேட் ஓகே சார்’ என்பது தகவல் இல்லை. ‘முன் இடது உள்பக்கம் 5 மி.மீ.’ என்பதுதான் தகவல்.
- அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். தேதி, கிலோமீட்டர், மில்லிமீட்டர். இப்படி இரண்டு பதிவு இருந்தால் சென்சார் இல்லாத காருக்கும் நீங்களே கணக்குப் போடலாம். விடை வந்ததும், மேலே பார்த்த அரை மில்லிமீட்டர் பிழையை நினைவில் வைத்து, அதில் பாதி தூரம் வந்ததும் மறுபடி அளந்துவிடுங்கள்.
- உள்பக்கமும் வெளிப்பக்கமும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் பேடை மட்டும் மாற்றி அனுப்ப விடாதீர்கள். காலிப்பர் பின்னைக் கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் போடச் சொல்லுங்கள்.
- பிரேக் ஆயிலை பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மும்பை ஈரத்தில் இதைத் தள்ளிப் போட வேண்டாம். அளவு குறைந்தால் நிரப்பும் முன் பேடைப் பாருங்கள்.
- பேடை ஆக்சிலுக்கு ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். சென்சார் வயர் உள்ள கார் என்றால் அதையும் பார்த்து, பிறகு ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பில்லில் பேடின் பெயரும் பார்ட் நம்பரும் இருக்கட்டும்.
- பழைய கார் வாங்கும்போது சதவீதத்தைப் பார்க்க வேண்டாம். ஒரு சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.
- கீச்சு சத்தம், பெடல் ஆழமாகப் போவது, ஒரு பக்கம் இழுப்பது, ஸ்டியரிங் நடுங்குவது – இவற்றில் ஒன்று வந்தாலும் டேஷ்போர்டு என்ன சொன்னாலும் மெக்கானிக்கிடம் போங்கள்.

தாராவியிலோ மாட்டுங்காவிலோ அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் டார்ச்சை அடித்து, சக்கரத்தின் இடைவெளியில் ஒரு கண் பார்த்துவிட்டு, ‘அண்ணே, மழைக்கு முன்னாடி மாத்திடுங்க’ என்பார். அவரும் கணிப்புதான் சொல்கிறார். ஆனால் பேடைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். கார் உங்கள் ஓட்டத்தைப் பார்க்கிறது, பேடைப் பார்ப்பதில்லை. இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால் நிம்மதியாக ஓட்டலாம். ஒத்துப்போகவில்லை என்றால், சக்கரத்தைக் கழற்றுவதுதான் விடை.